புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம்: தமிழ் இலக்கணத்தின் துணையோடு கற்கும் வழி

புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியிலேயே படிக்க விரும்பும் தமிழர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஓர் ஆங்கிலப் பாடநூல்தான். அது ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நூல். ஆகவே, அவர்களுக்குப் புதிதாகத் தோன்றுவதைப் பக்கம் பக்கமாக விளக்கும். அவர்களுக்குப் பழகிப்போனதைச் சில வரிகளில் கடந்துவிடும். வேற்றுமை என்றால் என்ன, வினைச்சொல்லின் ஈற்றைப் பார்த்தே எழுவாயை அறிவது எப்படி என்பதற்கெல்லாம் நீண்ட விளக்கம் இருக்கும். பள்ளியில் வேற்றுமை உருபுகளை ஒப்பித்து வளர்ந்த நமக்கு அந்த விளக்கத்தில் பாதிகூடத் தேவையில்லை. மாறாக, தமிழில் இல்லாத ஆர்ட்டிக்கிளைப் பற்றி, அதாவது ஆங்கிலத்தில் 'தி' என்று வரும் அந்தச் சிறு சொல்லின் வேலையைப் பற்றி, நமக்குப் போதுமான விளக்கம் அந்த நூல்களின் தொடக்கப் பாடங்களில் கிடைப்பதில்லை.

நான் முதல் ஆண்டு முழுவதையும் இதை உணராமலே கழித்தேன். கிரேக்கத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி, இரண்டு தாவல்களில் பொருள் கண்டுகொண்டிருந்தேன். எளிய வாக்கியங்கள்கூடச் சுமையாக இருந்தன. கிரேக்க இலக்கணத்தை நேரே தமிழ் இலக்கணத்தின் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுமை இறங்கியது. நூல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோட்டும் சொல் அட்டையும் மனத்தில் ஓடும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்படுகிறது. இதில் கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். நீங்கள் உங்கள் நோட்டில் முதல் வாரம் முதலே கிரேக்க எழுத்தில்தான் எழுத வேண்டும்.

எவ்வளவு கற்க வேண்டும்

புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கொய்னே என்று அழைக்கப்படும் பொதுக் கிரேக்கத்தில். அலெக்சாந்தருக்குப் பின் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி முழுவதும் வணிகத்துக்கும் கடிதத்துக்கும் ஆட்சிக்கும் பயன்பட்ட மொழி அது. எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களும் கணக்குகளும் இதே மொழியில் இருப்பதை அடால்ஃப் டைஸ்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு, இது திருமறைக்கென்று தனியாக அமைந்த கிரேக்கம் என்ற பழைய கருத்து வலுவிழந்தது.

நூலின் மொத்த அளவு ஏறத்தாழ 1,38,000 சொற்கள். ஒரே சொல்லின் பல வடிவங்களை ஒன்றாக எண்ணினால், வெவ்வேறு சொற்கள் சுமார் 5,400. அவற்றுள் 50 முறையோ அதற்கு மேலோ வருபவை ஏறத்தாழ 310 மட்டுமே. அந்த 310 சொற்களே நூலின் எண்பது விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. மறுபுறம், ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்கள் 1,900க்கு மேல் இருக்கின்றன. சொல் எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. ஆனால் எண்பது விழுக்காடு என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பத்துச் சொல் கொண்ட ஒரு வசனத்தில் இரண்டு சொல் தெரியாமல் நிற்கும். பொருளின் கனம் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும்.

எழுத்தும் ஒலியும்

எழுத்துகள் 24. ஒரு வாரம் போதும். பாடநூல்களில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது, கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் பெயரால் வழங்கும் உச்சரிப்பு. இன்றைய கிரேக்கர்களின் உச்சரிப்பும், முதல் நூற்றாண்டு உச்சரிப்பை ஆராய்ந்து மீட்டமைத்த முறையும் உண்டு. மூன்றில் எதையேனும் ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். தொடக்கத்தில் எராஸ்மஸ் முறையையே நான் பரிந்துரைப்பேன். காரணம் எளியது: இன்றைய உச்சரிப்பில் 'நாம்' என்று பொருள்படும் ஹேமெய்ஸ், 'நீங்கள்' என்று பொருள்படும் ஹியூமெய்ஸ் ஆகிய இரண்டும் ஒரே ஒலியாக 'இமீஸ்' என்று ஆகிவிடுகின்றன. கண்ணால் கற்கும் மாணவருக்கு எழுத்து வேறுபாடு காதிலும் கேட்டால்தான் நினைவில் நிற்கும்.

இங்கே தமிழருக்கு ஒரு பெரும் வசதி இருக்கிறது. கிரேக்கத்தில் குறில் எகரத்துக்கு எப்சிலான், நெடில் ஏகாரத்துக்கு ஏட்டா. குறில் ஒகரத்துக்கு ஒமிக்ரான், நெடில் ஓகாரத்துக்கு ஒமேகா. ஆங்கில மாணவர் பல மாதம் தடுமாறும் இந்த வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. யோவான் நற்செய்தியின் முதல் வரி 'என் அர்க்கே ஏன் ஹொ லொகொஸ்' என்று தொடங்குகிறது. முதலில் வரும் 'என்' வேறு, மூன்றாவதாக வரும் 'ஏன்' வேறு. முன்னது 'இல்' என்னும் பொருள் தரும் முன்னிடைச்சொல். பின்னது 'இருந்தது' என்னும் வினை. ஆங்கிலத்தின் வழியாகக் கேட்டுப் பழகியதால் நம்மவர் பலர் 'லோகோஸ்' என்று நீட்டிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒமிக்ரான் என்பதால் 'லொகொஸ்' என்பதே சரி. ஏட்டாவும் ஒமேகாவும் கொண்ட அயோனிய நெடுங்கணக்கை ஏதென்ஸ் நகரம் கி.மு. 403இல் அரசு வழக்காக ஏற்றது. தமிழில் எ, ஏ வேறுபாட்டை எழுத்தில் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த பெருமையை வீரமாமுனிவருக்குத் தருகிறோம். இரு மொழியும் ஒரே சிக்கலைத் தனித்தனியே தீர்த்துக்கொண்டிருக்கின்றன.

நம்மைத் தடுமாறச் செய்வது வேறோர் இடம். தீட்டாவுக்கும் டவ்வுக்கும், கீக்கும் கப்பாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்தால் காட்ட முடியாது. தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர் சில வாரங்களில் தம் குறிப்பையே தவறாகப் படிக்கத் தொடங்குவார். கிரேக்க எழுத்திலேயே எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

ஒரு பாடநூல், ஒன்றே ஒன்று

தன்முயற்சியில் கற்போரைத் தோற்கடிப்பது பாடநூல் இல்லாமை அல்ல. பாடநூல்கள் மிகுதியாக இருப்பதுதான். மூன்று நூல்களில் தலா ஆறு பாடம் படித்தவரைவிட ஒரு நூலை இறுதிவரை முடித்தவர் வெகு தூரம் முன்னே நிற்பார்.

ஜே. கிரெஷாம் மேச்சன் 1923இல் வெளியிட்ட 'நியூ டெஸ்டமென்ட் கிரீக் ஃபார் பிகினர்ஸ்' இன்றும் பயன்படுகிறது. பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாம் பாடத்திலேயே வினைச்சொல் வந்துவிடும். கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டுமல்லாமல் ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கும் வாக்கியம் அமைக்கச் சொல்லும். அந்தப் பயிற்சி கடினம்; ஆனால் அதைச் செய்தவர் வடிவங்களை மறப்பதில்லை. அதன் பயிற்சி வாக்கியங்கள் பெரும்பாலும் ஆசிரியர் தாமே அமைத்தவை என்பதால் சற்றே உயிரற்று இருக்கும்.

வில்லியம் மவுன்ஸ் எழுதிய 'பேசிக்ஸ் ஆஃப் பிப்ளிக்கல் கிரீக்' 1993இல் முதலில் வந்தது; நான்காம் பதிப்பு 2019இல் வந்தது. அது பெயர்ச்சொல் முழுவதையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகே வினைக்குப் போகிறது. விளக்கம் தெளிவானது, பயிற்சிகள் வேதப் பகுதிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை, ஆசிரியரின் விரிவுரைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆசிரியர் துணையின்றித் தனியே கற்பவருக்கு இது பொருந்தும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஜெரமி டஃப் நூல், 1965இல் வெளிவந்த வென்ஹம் நூலின் மறுவடிவம். இது மேற்சொன்ன இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தமிழருக்கு எது பொருந்தும் என்று கேட்டால், வினையை விரைவில் தொடங்கும் நூலே நல்லது என்பேன். வேற்றுமையை உள்வாங்க நமக்கு அதிக நாள் தேவைப்படாது. எனவே வினைக்காகப் பாதிப் புத்தகம் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

டேனியல் வாலஸ் 1996இல் எழுதிய பெரிய தொடரியல் நூலையும், ஏ. டி. ராபர்ட்சனின் 1914ஆம் ஆண்டு பெருநூலையும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள். அவை தேவைப்படும் காலம் வரும்.

தமிழ் இலக்கணத்தின் மேல் கிரேக்கத்தை வைத்தல்

கிரேக்கத்துக்கு வேற்றுமை ஐந்து, தமிழுக்கு எட்டு. நம் எட்டையும் அந்த ஐந்தில் அடுக்கிவிடலாம். முதல் வேற்றுமையும் எட்டாம் வேற்றுமையாகிய விளியும் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் வேற்றுமைக்கு நேராக அக்குசேட்டிவ். டேட்டிவ் என்னும் ஒரே வடிவம் நம் மூன்றாம், நான்காம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் சேர்த்துச் செய்கிறது: ஆல், கு, இல் மூன்றும் அதற்குள் அடக்கம். ஜெனிட்டிவ் நம் ஐந்தாம், ஆறாம் வேற்றுமைகளைச் சுமக்கிறது. ராபர்ட்சன் தம் பெருநூலில் கிரேக்க வேற்றுமைகளை வடிவத்தால் அல்லாமல் பொருளால் எண்ணி எட்டு என்றே கொள்கிறார் என்பதை அறிந்தபோது, நம் மரபு இந்த மொழிக்கு எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். டேட்டிவ் ஒன்றைக் காணும்போது 'ஆல் என்பதா, கு என்பதா, இல் என்பதா' என்று கேட்டுப் பாருங்கள். பொருந்துவது எதுவென்று பெரும்பாலும் உடனே தெரியும்.

கிரேக்கப் பெயர்ச்சொற்களை வேற்றுமை ஏற்கும் முறையால் மூன்று வகையாகப் பிரிப்பார்கள்; அவற்றுள் மூன்றாம் வகை மாணவரை அச்சுறுத்துவது. 'ஸர்க்ஸ்' என்பது எழுவாய் வடிவம். வேற்றுமை ஏற்கும்போது 'ஸர்கொஸ்' என்று அடிச்சொல் வேறு முகம் காட்டும். நமக்கு இதில் வியப்பு வேண்டாம். மரம் என்பது 'மரமை' ஆகாமல் 'மரத்தை' ஆகிறது; வீடு 'வீட்டை' ஆகிறது. எழுவாயில் மறைந்திருக்கும் அடியை உருபு ஏற்கும்போதுதான் காண்கிறோம். அதனால்தான் கிரேக்கப் பெயர்ச்சொல்லை எழுவாய், ஜெனிட்டிவ் என இரண்டு வடிவங்களோடும் சேர்த்து மனனம் செய்ய வேண்டும்.

அடுத்தது எச்சங்கள். ஆங்கிலப் பாடநூல்களில் பார்ட்டிசிப்பிள் என்ற தலைப்பில் பல அதிகாரங்கள் இருக்கும். பாதியில் படிப்பை விடுவோர் பலர் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள். மாற்கு 1:31ஐ எடுத்துக்கொள்வோம். பேதுருவின் மாமி காய்ச்சலாய்க் கிடக்கிறாள். கிரேக்கத்தில் 'ப்ரொசெல்தோன் ஏகெய்ரென் ஔதேன் க்ரதேஸாஸ் தேஸ் கெய்ரொஸ்' என்று இருக்கிறது. இதில் முற்றுவினை ஒன்றே ஒன்று: ஏகெய்ரென், 'எழுப்பினார்'. முன்னும் பின்னும் இருக்கும் ப்ரொசெல்தோன், க்ரதேஸாஸ் இரண்டும் எச்சங்கள். ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு மூன்றையும் முற்றுவினையாக்கி 'வந்தார், பிடித்தார், தூக்கினார்' என்று 'அண்டு' போட்டு இணைக்கிறது. தமிழ் வேதாகமமோ 'அவர் கிட்டப்போய், அவள் கையைப் பிடித்து, அவளைத் தூக்கிவிட்டார்' என்கிறது. போய், பிடித்து என்ற இரண்டு வினையெச்சங்கள், இறுதியில் ஒரே முற்று. கிரேக்கத்தின் எலும்புக்கூடு அப்படியே தமிழில் நிற்கிறது. இந்த வசனத்தைத்தான் நான் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆர்ட்டிக்கிளோடு வரும் எச்சம் இன்னும் எளிது. யோவான் 3:16இல் 'ஹொ பிஸ்தெயுஓன்' என்று வருவதை ஆங்கிலத்தில் ஒரு துணை வாக்கியமாக விரித்தாக வேண்டும். தமிழில் 'விசுவாசிக்கிறவன்' என்று ஒரே சொல் போதும். அது நம் வினையாலணையும் பெயர். 'படித்தவன்', 'வந்தவர்கள்' என்று நாள் முழுதும் பேசும் நாம், இதை ஒரு கடினப் பாடமாக நினைக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது உதவி 'கொள்' என்னும் துணைவினை. கிரேக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை ஆகிய இரண்டுக்கும் இடையே மிடில் என்ற ஒரு பாங்கு உண்டு. செயல் செய்பவரையே மீண்டும் தொடுவதை அது காட்டும். யோவான் 13:5இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும்போது 'நிப்தெய்ன்' என்ற செய்வினை வருகிறது. யோவான் 9:7இல் பிறவிக் குருடன் சீலோவாம் குளத்தில் தன்னைக் கழுவும்போது 'எனிப்ஸதொ' என்ற மிடில் வடிவம் வருகிறது. முன்னது 'கழுவுதல்', பின்னது 'கழுவிக்கொண்டான்'. எல்லா மிடிலும் இவ்வளவு நேராக அமையாது; 'எர்கொமய்' போன்ற சில வினைகள் வடிவத்தில் மட்டும் மிடிலாக இருந்து 'வருகிறேன்' என்று எளிய பொருளே தரும். ஆயினும் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள 'கொள்' ஒரு நல்ல கைப்பிடி.

காலங்களுக்கும் இதே முறை உதவும். 'எலூஸ' அவிழ்த்தேன், 'எலூஒன்' அவிழ்த்துக்கொண்டிருந்தேன், 'லெலுக' அவிழ்த்திருக்கிறேன். சிலுவையில் சொல்லப்பட்ட 'தெதெலெஸ்தய்' என்பது கடைசி வகையைச் சேர்ந்தது. செயல் முடிந்தது என்பதோடு அந்த நிறைவு நிலைத்து நிற்கிறது என்பதையும் அந்த வடிவம் தாங்கியிருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அது 'முடிந்தது' என்று இருக்கிறது. 'நிறைவேறியிருக்கிறது' என்று உங்கள் நோட்டில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இனி, தமிழ் கைகொடுக்காத இடங்கள். இவற்றுக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும். முதலாவது, ஆர்ட்டிக்கிள். அது புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 20,000 முறை வருகிறது. அதாவது ஏழு சொல்லுக்கு ஒன்று. பால், எண், வேற்றுமை வாரியாக 24 இடங்கள் கொண்ட அதன் வாய்ப்பாட்டை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி கற்க வேண்டும். பெயர்ச்சொல்லின் வடிவம் குழப்பும்போது ஆர்ட்டிக்கிள்தான் வேற்றுமையைக் காட்டிக்கொடுக்கும். யோவான் 1:1இன் இறுதியில் 'தெஒஸ் ஏன் ஹொ லொகொஸ்' என்று வருகிறது. தெஒஸ், லொகொஸ் இரண்டும் எழுவாய் வடிவிலேயே இருக்கின்றன. சொல் வரிசையில் தெஒஸ் முந்தி நிற்கிறது. ஆயினும் ஆர்ட்டிக்கிள் ஏற்றிருப்பது லொகொஸ் என்பதால் அதுவே எழுவாய். 'வார்த்தை தேவனாயிருந்தது' என்று தமிழ் வேதாகமம் தருவதற்கு அந்த ஒற்றை எழுத்துச் சொல்லே அடிப்படை.

இரண்டாவது, சொல்லுக்குரிய பால். தமிழில் பால் பொருளைச் சார்ந்தது. கிரேக்கத்தில் அது சொல்லோடு பிறந்தது. வழி என்னும் பொருள்படும் 'ஹொதொஸ்' பெண்பால். சிறு குழந்தையைக் குறிக்கும் 'பய்தியொன்' அஃறிணை போல ஒன்றன்பால். இதில் தர்க்கம் தேடாமல், ஆர்ட்டிக்கிளோடு சேர்த்தே ஒவ்வொரு பெயரையும் கற்றுவிடுங்கள். மூன்றாவது, முன்னிடைச்சொற்கள். 'மெத' என்பது ஜெனிட்டிவோடு வந்தால் 'உடன்', அக்குசேட்டிவோடு வந்தால் 'பிறகு'. 'திஅ' முன்னதோடு 'மூலமாக', பின்னதோடு 'நிமித்தம்'. வேற்றுமைக்கு ஒன்றாகத் தனி அட்டை போட வேண்டும்.

சொல் அட்டை

கையால் எழுதிய அட்டைகளாகவும் இருக்கலாம். ஆங்கி என்னும் செயலியாகவும் இருக்கலாம். ஆங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம். ஐபோனில் விலை உண்டு. மறக்கும் தறுவாயில் உள்ள சொல்லைத் தானே தேடி முன்னே கொண்டுவரும் என்பது அதன் நன்மை. பிறர் செய்து வைத்த அட்டைத் தொகுதிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்காமல் நீங்களே செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அவற்றின் பொருள் ஆங்கிலத்தில் இருக்கும். மேலும், அட்டை எழுதும் வேலையே கற்றலில் பாதி.

என் அட்டை ஒன்று இப்படி இருக்கும். முன்பக்கத்தில் 'ஹே ஸர்க்ஸ், ஸர்கொஸ்' என்று கிரேக்க எழுத்தில் மூன்று சொற்கள். 'ஹே' பெண்பால் என்று சொல்லும். 'ஸர்கொஸ்' அடிச்சொல்லைக் காட்டும். பின்பக்கத்தில் 'மாம்சம், ஊனுடல், மனித இயல்பு' என்று தமிழில் பொருள். கீழே 'ஹொ லொகொஸ் ஸர்க்ஸ் எகெனெதொ, யோவா. 1:14' என்று ஒரு துண்டு வசனம். ஓரத்தில் 147 என்ற எண். அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் தடவை அது. சொல்லைத் தனியாக நினைவுகூர முடியாத நாளில் வசனம் இழுத்து வரும்.

வினைச்சொல்லானால், நிகழ்கால வடிவோடு ஆரிஸ்ட் என்னும் இறந்தகால வடிவையும் தனி அட்டையாக்குங்கள். 'எர்கொமய்' வருகிறேன், 'ஏல்தொன்' வந்தேன். 'லெகோ' சொல்கிறேன், 'எய்பொன்' சொன்னேன். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

நாளுக்கு ஐந்து சொல் போதும். 310 சொற்களும் ஒரு சுற்று முடிய இரண்டு மாதத்துக்குச் சற்றே மேலாகும்; அவை உறுதிப்பட இன்னும் இரண்டு மாதம் ஆகும். நாற்பது நிமிடம் ஒதுக்கினால் பத்து நிமிடம் அட்டைக்கும், இருபது இலக்கணத்துக்கும், மீதிப் பத்து உரக்க வாசிப்பதற்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். லூஓ, லூஎய்ஸ், லூஎய், லூஒமென், லூஎதெ, லூஊஸின் என்று வாய்ப்பாடுகளை வாய்விட்டு ஓதுங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டை ஓதிக் கற்ற நமக்கு இது புதிதல்ல.

அகராதியும் கணினியும்

ஆய்வாளர்கள் நம்பும் பெரிய அகராதி, சிக்காகோ பல்கலைக்கழக அச்சகம் 2000இல் மூன்றாம் பதிப்பாக வெளியிட்டது; பவர், டாங்கர், ஆர்ண்ட், கிங்ரிச் ஆகிய நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை அழைப்பார்கள். விலை மிகுதி. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அபட்ஸ்மித் 1922இல் வெளியிட்ட கையடக்க அகராதியே போதும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேயர் அகராதியும் இலவசம்தான். ஆனால் அது பாப்பிரஸ் ஆய்வுகளுக்கு முந்தைய 1880களின் நூல் என்பதை மறக்கக் கூடாது.

கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் என்னும் வேதாகம ஆய்வகத்தில் உருவான ஸ்டெப் பைபிள் என்னும் தளம் இலவசம். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் இலக்கண வடிவும் வரும். மைக்கேல் ஹோம்ஸ் பதிப்பித்து 2010இல் வெளிவந்த எஸ்.பி.எல். கிரேக்கப் பதிப்பையும் இலவசமாகத் தரவிறக்கலாம். பெர்சியஸ், லோகியன் ஆகிய தளங்கள் புதிய ஏற்பாட்டுக்கு வெளியே அந்தச் சொல் எப்படி வழங்கியது என்று பார்க்க உதவும். விடை பார்க்கும் முன் உங்கள் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் விதித்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் விடை தரும் கருவியைத் தொட்டுத் தொட்டுப் படிப்பவர் ஐந்து ஆண்டு கழிந்தாலும் ஒரு வினையைத் தாமே பகுக்க மாட்டார். வரிக்கு வரி பொருள் எழுதிய இடைவரிப் பதிப்புகளுக்கும் இது பொருந்தும்.

1890இல் வந்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய நூலின் எண்களைக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்யும் பழக்கம் நம் பிரசங்க மேடைகளில் வேரூன்றியிருக்கிறது. அது தேடுவதற்குப் பயன்படும். பொருள் நிறுவுவதற்குப் போதாது. சபை என்று பொருள்படும் 'எக்லேஸிஅ' என்ற சொல்லை 'வெளியே' என்றும் 'அழை' என்றும் பிரித்து, 'உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று விளக்குவதைப் பலரும் கேட்டிருப்போம். அதே சொல் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில், பவுலுக்கு எதிராக எபேசு நகர அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்தையும் குறிக்கிறது. சொல்லின் பொருளை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை. வழக்கே முடிவு செய்கிறது. இதை முதல் ஆண்டிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது பிறருக்குக் கற்பிக்கப்போகும் ஒவ்வொருவரின் கடமை.

முதல் வாசிப்பு: யோவானின் முதல் நிருபம்

பாடநூலில் முக்கால் பங்கு முடிந்ததும் மூலத்துக்குள் இறங்கிவிடுங்கள். யோவானின் முதல் நிருபம் இதற்கு ஏற்றது. ஐந்து அதிகாரம், 105 வசனம். அதில் வரும் வெவ்வேறு சொற்கள் இருநூற்றைம்பதுக்கும் குறைவு. அவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. 30 முறையோ அதற்குக் குறைவாகவோ வரும் சொற்களுக்கு அடிக்குறிப்பில் பொருள் தரும் வாசகர் பதிப்புகள் இருக்கின்றன. பணம் செலவிட ஒரே ஒரு நூல்தான் முடியும் என்றால் அதில் ஒன்றை வாங்குங்கள். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் ஆய்வுப் பதிப்புகளான நெஸ்லே ஆலண்டின் 28ஆம் பதிப்பும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் 5ஆம் பதிப்பும் மூலவாசகத்தில் ஒன்றே, அடிக்குறிப்புகளில்தான் வேறுபடும்.

நாளுக்கு இரண்டு வசனம் எடுங்கள். உரக்க வாசித்து, வினைகளைப் பகுத்து, பிறகு உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். அதற்குப் பின்னரே பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் திறந்து ஒப்பிடுங்கள். 5:7க்கு வரும்போது, பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ள 'பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்ற பகுதி உங்கள் கிரேக்கப் பதிப்பின் வாசகத்தில் இராது. எராஸ்மஸின் 1516, 1519 பதிப்புகளில் அது இல்லை. 1522 பதிப்பில் சேர்ந்தது. அந்த வழியாக வந்த கிரேக்க வாசகத்தைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் நிலைத்தது. தவறான பதிப்பை வாங்கிவிட்டோமோ என்று கலங்க வேண்டாம்.

தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஆங்கில மாணவர் ஒருபோதும் சந்திக்காத ஒரு கேள்வி உங்கள் முன் வரும். கிரேக்கத்தில் 'ஹேமெய்ஸ்' ஒன்றுதான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. முதல் வசனத்தில் 'நாங்கள் கேட்டதும்' என்கிறது தமிழ் வேதாகமம். எட்டாம் வசனத்தில் 'நமக்குப் பாவமில்லையென்போமானால்' என்கிறது. கிரேக்கத்தில் வடிவ வேறுபாடு ஏதுமில்லை. மொழிபெயர்த்தவர்கள் இடம் நோக்கி முடிவு செய்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நான்காம் வசனம் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் அங்கே 'உங்கள் சந்தோஷம்' என்கிறது. இன்றைய கிரேக்கப் பதிப்புகள் 'ஹேமோன்' என்று தன்மைப் பன்மையைத் தருகின்றன. ஹேமோன், ஹியூமோன் என்ற இரண்டும் பிற்கால உச்சரிப்பில் ஒன்றாய் ஒலித்ததால் கையெழுத்துப் படிகளில் இவை அடிக்கடி இடம் மாறியிருக்கின்றன. 'ஹேமோன்' என்றே கொண்டாலும் அது எங்கள் மகிழ்ச்சியா, நம் மகிழ்ச்சியா என்பது மீதம் நிற்கிறது. மூன்றாம் வசனத்தைத் திரும்ப வாசித்து, எழுதியவர் அங்கே யாரோடு யாரைச் சேர்க்கிறார் என்று பாருங்கள். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி, மற்றதை ஓரத்தில் குறித்து, தேர்ந்ததற்கான காரணத்தையும் ஒரு வரியில் அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.